அடுப்படியில் ஒரு காட்சிமுனை

காட்சித் துறையின் விதிப் புத்தகத்தில் மலை என்றால் என்ன என்பதற்கு விளக்கம் கிடையாது. அருவிக்கும் கிடையாது, ஏரிக்கும் கிடையாது. காலுக்கு மட்டும் உண்டு. பார்க்கிறவர் எங்கே கால் வைத்து நின்று பார்க்க வேண்டும் என்பதற்கே முப்பத்தொரு பக்கம். துறையின் அளவையாளர் ஓரிடத்தில் நிற்பார், எதிரே தெரிவதை ஒரு பார்வை பார்ப்பார், படிவத்தில் 'நன்று' என்று எழுதுவார். அவர் நின்ற இடத்தில் அவருடைய செருப்பு அளவுக்கு இரண்டு பித்தளைப் பாதங்களைத் தரையில் பதித்துவிடுவார்கள். அவ்வளவுதான், காட்சிமுனை தயார். அதற்குப் பிறகு அந்த மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பாதத்தின் மேல் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும். நாலடி தள்ளி நின்று பார்த்தால், துறையைப் பொறுத்தவரை அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

வைண்டிங்காரருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் படுக்கையறை, அதற்கும் பின்னால் அடுப்படி. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றே அறை, இருக்கிறவர்கள் கணவனும் மனைவியும் மட்டும். அடுப்புக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே முள் மண்டிய காலி மனை. அதைத் தாண்டி மலை.

அந்த மலை, மூக்கை மேலே தூக்கி, வாயைப் பாதி திறந்து, இதோ தும்மப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல இருக்கும். ஊரில் தும்மல் மலை என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் வைண்டிங்காரரின் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தவள், "என்னங்க, இது இன்னும் தும்மலையே?" என்றாள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றார் இவர். இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பால் பொங்கும் நேரத்துக்கு இதே பேச்சு. அந்த வீட்டில் கொஞ்சல் குலாவல் என்று ஏதாவது இருந்ததென்றால் அது இதுதான்.

ஒரு நாள் உச்சிவெயிலில் அளவையாளர் வந்தார். பின்னால் இருந்த காலி மனையில் நின்று மலையை அளக்க வேண்டியவர். காலில் இரண்டு முள், கழுத்தெல்லாம் வேர்வை. கடை வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். வைண்டிங்காரர் நல்ல மனுஷர். வெளியே கொண்டுவந்து ஒரு தம்ளர் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அடுப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அதோடு விட்டாரா?

"சார், அப்படியே ஜன்னல் பக்கம் திரும்புங்க. இங்கேருந்து தெரியிற மாதிரி ஊருல வேற எங்கயும் தெரியாது."

அளவையாளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தம்ளரையும் குடித்தார். அடுப்பருகே நின்ற மனைவியிடம், "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, கேஸ் சிலிண்டர் மேல் வைத்து எழுதத் தொடங்கினார்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"பார்வையாளர் நிற்கும் இடம்னு ஒரு கட்டம் இருக்கு. நான் எங்க நின்னு பார்த்தேனோ அதைத்தானே எழுதணும்?"

"ஆனா நீங்க மனையிலதானே நிக்கணும்?"

"அங்க முள்ளுங்க. நிக்காத இடத்துல நின்னேன்னு எழுதச் சொல்றீங்களா? இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் எழுதினவன் இல்ல நான்."

இப்படி ஒரு நேர்மையான மனிதரால் வைண்டிங்காரரின் அடுப்படி 'காட்சிமுனை எண் பதினேழு' ஆனது.

பத்து நாள் கழித்து டிரில்லிங் மிஷினோடு இரண்டு பேர் வந்து, அடுப்புக்கு முன்னால் தரையைக் குடைய ஆரம்பித்தார்கள். வைண்டிங்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னங்க இது? இது என் வீடுங்க!"

"வீட்டுக்கு நாங்க வரலையே" என்றார் மிஷின் பிடித்தவர், நிமிராமலே. "பாதத்துக்குத்தான் வந்திருக்கோம்."

பளபளவென்று இரண்டு பித்தளைப் பாதங்கள் பதிந்தன. சரியாக மனைவி நின்று சமைக்கிற இடம். அவளுடைய கால் அந்தப் பாதத்தில் பாதிகூட வராது.

திறப்பு விழாவுக்குத் துறையின் இயக்குநர் நேரில் வந்தார். எட்டடிக்கு ஒன்பதடி அடுப்படியில் பதினான்கு அதிகாரிகள். பிரிட்ஜ் கைப்பிடிக்கும் சிலிண்டர் கழுத்துக்கும் இடையே ரிப்பன் கட்டி, மனைவியின் காய் வெட்டும் கத்தியாலேயே வெட்டினார்கள். பிறகு இயக்குநர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார்.

"பெருமக்களே! இந்த மலை பல லட்சம் ஆண்டுகளாக எந்த மேற்பார்வையும் இல்லாமல் இங்கே நின்றிருக்கிறது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அந்த அவல நிலைக்கு இன்றோடு முற்றுப்புள்ளி! காட்சி நிர்வாகத்தைக் கற்றுவர நான் பதினான்கு நாடுகளுக்குச் சென்றிருக்கிறேன். அங்கே மாநாட்டு அரங்குகள் எதிலும் ஜன்னல் கிடையாது. அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. காட்சியை நிர்வகிக்கக் காட்சி தேவையே இல்லை! இந்த மலையை நான் இதுவரை பார்த்ததில்லை. இனியும் பார்க்க மாட்டேன். பார்த்தால் பிடித்துப்போகும். பிடித்துப்போனால் நடுநிலை கெட்டுவிடும்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. தட்டிய கைகளில் ஒன்று மாவு டப்பாவைத் தள்ளிவிட்டதால் எல்லாரும் வெள்ளை வெளேரென்று புகைப்படத்துக்கு நின்றார்கள்.

மறுநாளிலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. வரிசை கடைக்குள் நுழைந்து, மோட்டார்களைச் சுற்றி வளைந்து, கட்டிலை ஒட்டி நகர்ந்து, அடுப்படியில் முடியும். வழிகாட்டியாக ஒருவரைத் துறை நியமித்தது. அவர் முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறு மாதிரி பேச அவருக்கு வராது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தும்மல் மலை, கடும் மேகமூட்டத்தின் காரணமாக, சுமார் நாற்பது நிமிடம் தாமதமாக ஜன்னலுக்கு வந்து சேரும் எனத் தெரிவிக்கப்படுகிறது. இதனால் ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்."

நாற்பது நிமிடமும் ஜனம் கட்டிலில் உட்கார்ந்து காத்திருக்கும். சிலர் படுத்தும்விடுவார்கள். அடுப்பில் குக்கர் விசிலடித்தால், மலை வந்துவிட்டது என்று அடித்துப் பிடித்து எழுந்து ஓடுவார்கள். அதனால் ஒரு நாளைக்கு மூன்று விசிலுக்கு மேல் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது.

துறையின் பண்டகசாலையிலிருந்து எல்லாக் காட்சிமுனைக்கும் ஒரே மாதிரி பொருள்கள்தான் வரும். பதினேழாவது முனைக்கும் வந்தன. ஓர் இரும்புக் கம்பி வேலி வந்தது. அதை அடுப்புக்கும் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கும் நடுவே நட்டார்கள். மனைவி ஒரு கரண்டி கழுவ வேண்டுமென்றாலும் குனிந்து நுழைந்துதான் போக வேண்டும். நீரில் விழுந்தவரைக் காப்பாற்றும் மிதவை வளையம் ஒன்று வந்தது. அதைக் கரண்டி மாட்டும் ஆணியில் மாட்டினார்கள். 'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்கள்' என்று ஒரு போர்டும் வந்தது. அதை மாட்ட இடமில்லாமல் நாலாபுறமும் பார்த்துவிட்டு, வைண்டிங்காரர் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற மூலையில், அவர் தலைக்கு நேர் மேலே அடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று மதியம் மனைவி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் போர்டைப் பார்த்தார், வைண்டிங்காரரைப் பார்த்தார்.

"ஏம்மா, படிச்சவங்களா இருக்கீங்க. போர்டைப் பார்க்க மாட்டீங்களா?"

கையில் பிசைந்த உருண்டையோடு வைண்டிங்காரர் திருதிருவென்று விழித்தார். அதிலிருந்து அவர் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் பாடு இன்னும் மோசம். மாடியில் துணி காயப் போடும்போது தெரியாத்தனமாக மலைப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டார். அங்கீகாரமற்ற பார்வை என்று நோட்டீஸ். அன்று முதல் மனுஷர் மலைக்கு முதுகைக் காட்டி, நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடந்து துணி காயப் போட்டார். போகிற வழியில் வைண்டிங்காரரைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டுப் போவார்.

இதையெல்லாம்கூட மனைவி பொறுத்துக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு முனை திறக்கும் என்பதால் ஐந்தரைக்கே பாலைக் காய்ச்சினாள். "இன்னும் தும்மலையே" என்று சொல்ல வாயெடுக்கும்போது இருட்டில் மலை தெரியாது. வெளிச்சம் வந்து மலை தெரியும்போது முன்னால் யாராவது நின்றிருப்பார்கள். ஒரு வாரம் பார்த்தாள். சொல்வதையே விட்டுவிட்டாள். வைண்டிங்காரருக்கு அது முள்ளாகக் குத்தியது.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வந்தது. சுற்றுலா வந்தவர்கள் எடுத்த படங்களில் மலைக்கு முன்னால் ஒரு பெண்மணி வெங்காயம் வதக்குவதாக அறுபத்து மூன்று புகார்களாம். விதி பத்தொன்பதின்படி காட்சிக்குக் குறுக்கே வரும் மரம், கம்பம் முதலியவை 'நிலையான இடையூறு'. ஆடு, மாடு முதலியவை 'நகரும் இடையூறு'. ஆய்வுக்குப் பின் மேற்படி பெண்மணி இரண்டாவது வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். பெருந்தன்மையோடு, அகற்றப்பட மாட்டார். முனை மூடிய நேரத்தில் மட்டும் நடமாடலாம்.

மனைவி கடிதத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். மடித்து மிதவை வளையத்தில் செருகினாள். பெட்டியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"நான் நகரும் இடையூறாம்ல? நகர்ந்துட்டேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"இங்க பாரு, நான் ஆபீஸ்ல போய்ப் பேசுறேன். கொஞ்சம் பொறு."

"என் அடுப்படி எனக்குத் திரும்பி வரட்டும். மலையும் இருந்த மாதிரியே இருக்கட்டும். ரெண்டும் இருந்தா வரேன். ஒண்ணு குறைஞ்சாலும் என்னைக் கூப்பிடாதீங்க." வாசல்வரை போனவள் திரும்பினாள். "யாரு அவரை உள்ள கூட்டிட்டு வந்தது? வாய் சும்மா இருக்காதே உங்களுக்கு!"

வைண்டிங்காரருக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுவதற்குக்கூட வீட்டில் இடமில்லை. கட்டில் நிறைய ஆள் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் துறை அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த எழுத்தர் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"காட்சிமுனையை ரத்து பண்ணணும்னா, காட்சி இல்லைன்னு சான்று வேணும். மலை இருக்கா?"

"இருக்குங்க."

"அப்புறம் என்ன?"

"மலை இருக்குங்க, ஆனா என் அடுப்படி இல்லைங்க."

"அடுப்படிக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க மலையைக் காலி பண்ணிட்டுச் சான்று வாங்கிட்டு வாங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று ஆறுதலாகச் சொன்னார் எழுத்தர்.

நாலு நாள் நடந்து இயக்குநரையே பார்த்துவிட்டார். இயக்குநர் மேஜையில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. பதினேழாவது முனைக்கு வருகிறவர்களின் வசதிக்காக மூன்று மாடியில் ஒரு மாளிகை. இயக்குநர் அலுவலகமும் அங்கேயே வந்துவிடும். இடம், ஜன்னலுக்கு எதிரே இருந்த காலி மனை. வைண்டிங்காரர் வந்த விஷயத்தையே மறந்துவிட்டார்.

"சார், இதைக் கட்டினா மலை மறைஞ்சிடுமே!"

"எங்க பொறியாளரும் இதையேதான் கேட்டார். அவரைக் குகைப் பிரிவுக்கு மாத்திட்டேன்" என்றார் இயக்குநர். "இங்க பாருங்க, மலை எங்கயும் ஓடிடாது. ஒதுக்கின நிதி ஓடிடும். எதை முதல்ல பிடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

நாலே மாதத்தில் மாளிகை எழுந்தது. முதல் மாடி வந்தபோது மலையின் மடி மறைந்தது. இரண்டாவது மாடியில் வாய் மறைந்தது. மூன்றாவது மாடி வந்தபோது தும்மப் போன மூக்கும் போய்விட்டது. மைத்துனர் வீட்டுக்குப் போன் போட்டார் வைண்டிங்காரர்.

"மச்சான், அவகிட்ட சொல்லுங்க. மலை மறைஞ்சுடுச்சு. இனிமே காட்சியே இல்ல, ரத்து பண்ணிடுவாங்க."

எதிர்முனையில் ஏதோ கிசுகிசுப்பு நடந்தது.

"மாப்பிள்ளை, அவ கேக்குறா, அப்ப மலை எங்கன்னு."

வைண்டிங்காரர் போனை வைத்துவிட்டு, மனுவை எடுத்துக்கொண்டு மறுபடியும் எழுத்தரிடம் போனார்.

"மலை தெரியலைங்க. இப்ப ரத்து பண்ணலாம்ல?"

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"உங்க ஆபீஸ்தான் தெரியுது."

"ஏதோ ஒண்ணு தெரியுதுல்ல? அப்ப காட்சி இருக்கு" என்று எழுத்தர் விதிப் புத்தகத்தையே எடுத்து நீட்டினார். "விதி நாற்பத்தொண்ணு. சந்தேகம்னா வீட்ல வச்சுப் படிச்சுட்டுக் கொடுங்க. இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல, தூசி தட்டிக்கங்க."

எரிந்த மோட்டாரில் எந்தச் சுற்றில் ஷார்ட் ஆனது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அவசரப்படாமல் ஒவ்வொரு சுற்றாகப் பிரிப்பது. வைண்டிங்காரர் புத்தகத்தையும் அப்படித்தான் பிரித்தார். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் ஜனம் உட்கார்ந்து கதை பேச, மூன்று நாள் வரி வரியாகப் படித்தார். விதி நாற்பத்தொன்று: பித்தளைப் பாதத்தின் மேல் நின்று நேராகப் பார்க்கையில் தெரிவது எதுவோ அதுவே காட்சிப்பொருள். விதி நாற்பத்திரண்டு: காட்சிப்பொருளை மூடவோ, நகர்த்தவோ, அளவெடுத்த நேரத்தில் இருந்த நிலையிலிருந்து மாற்றவோ எவருக்கும் உரிமையில்லை. விதி ஐம்பத்தேழைப் படித்தபோது எழுந்து உட்காரப் போய் கட்டில் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார். அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். தலையைத் தேய்த்துக்கொண்டே பாதத்தின் மேல் போய் நின்று பார்த்தார்.

ஜன்னலுக்கு நேராக, மூன்றாவது மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் இயக்குநர் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வழிகாட்டி அதே குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தும்மல் மலைக்குப் பதிலாக இயக்குநர் அவர்கள் இன்று ஜன்னலில் காட்சியளிப்பார். இதோ, கொட்டாவி விடுகிறார். இது அடிக்கடி கிடைக்காத வாய்ப்பு" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். ஜனம் மெய்மறந்து பார்த்தது. மலை பார்க்க வந்தவர்களைவிட இவர்கள் அதிக நேரம் நின்றார்கள். மலை அசையாது, இது அசைகிறது.

மூன்றாம் நாள் இயக்குநர் திரைச்சீலை போட்டுக்கொண்டார். வைண்டிங்காரர் அன்றே ஒரு புகார் எழுதிப் போட்டார். 'மதிப்பிற்குரிய ஐயா, காட்சிமுனை பதினேழின் காட்சிப்பொருள் திரை போட்டுக்கொண்டு தன்னை மூடிக்கொள்கிறது. விதி நாற்பத்திரண்டின்படி ஆவன செய்யுங்கள்.' துறை வழக்கம்போல ஆவன செய்தது. நோட்டீஸ் தட்டச்சாகி, கையெழுத்துக்கு இயக்குநரிடம் போனது. வழக்கம்போல அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மாலையில் அது அவருக்கே வந்து சேர்ந்தது. இயக்குநர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார். இயக்குநர் கையெழுத்தை மீறினால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

திரை போயிற்று. அதோடு நிற்கவில்லை. காட்சிப்பொருள் மாறியதால் மறு அளவை எடுக்க வேண்டும் என்று அளவையாளர் வந்தார். பாதத்தின் மேல் நின்றார். தண்ணீர் கேட்டார், வைண்டிங்காரர் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடியில் இயக்குநர் வலது காதில் சாவியை விட்டு, கண்ணை மூடி, சுகமாகக் குடைந்துகொண்டிருந்தார்.

அளவையாளர் எழுதினார். 'காட்சிப்பொருள்: இயக்குநர். நிலை: வலது காதில் சாவி. நன்று.'

"சார், அவரு சாதாரணமா இருக்கிறப்ப எழுதக் கூடாதா?" என்று வைண்டிங்காரர்தான் மனசு கேட்காமல் கேட்டார்.

"நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்?" என்றார் அந்த நேர்மையாளர்.

மறுநாளிலிருந்து காலை பத்து மணிமுதல் மாலை ஐந்து மணிவரை இயக்குநர் வலது காதில் சாவியோடு அமர்ந்திருந்தார். கோப்புகளில் இடது கையால் கையெழுத்திட்டார். கூட்டம் தெருமுனையைத் தாண்டியது. மதிய உணவை உதவியாளர் ஊட்டிவிட, ஒவ்வொரு வாய்க்கும் அடுப்படியில் கைதட்டல். வைண்டிங்காரர் தன் சாப்பாட்டு மூலையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அந்தப் போர்டைக் கழற்றி, வேறு இடமில்லாததால், ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தார். அதற்கப்புறம் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் 'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்கள்' படும், அடுத்தது இயக்குநர் படுவார். தையல்காரர் முதல்முறையாக வரிசையில் நின்று வந்து பார்த்தார். வெளியே வரும்போது வைண்டிங்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு இயக்குநர் அடுப்படிக்கு ஓடி வந்தார். பழக்கதோஷத்தில் சாவி இன்னும் காதிலேயே இருந்தது.

"ஐயா, நீங்க ரத்து கேட்டு மனு கொடுத்தீங்களே, அதைத் திரும்பக் கொடுங்க. இப்பவே போட்டுடறேன்."

"காட்சி இல்லைன்னு சான்று வேணுமாமே சார். நான் உங்களை எப்படிக் காலி பண்றது?"

"சான்றெல்லாம் வேணாம்! விலக்கு அளிக்கிறேன்! என் பொண்டாட்டி நேத்து குடும்பத்தோட வரிசையில நின்னு பார்த்துட்டுப் போயிருக்காய்யா!"

வைண்டிங்காரர் மனுவை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு வரி புதிதாகச் சேர்த்திருந்தார்: 'விதி ஐம்பத்தேழின்படி தொடர் நடவடிக்கையும் எடுக்க வேண்டுகிறேன்.' சேர்த்த வரியைத் தன் விரலாலேயே தொட்டும் காட்டினார். பின்னால் யாரும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

"இதைக் கொஞ்சம் படிச்சுட்டு சார்..."

"இதுவரைக்கும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டதே இல்ல நான்" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் போட்டார் இயக்குநர்.

ஒரு வாரத்தில் அதே இரண்டு பேர் வந்தார்கள். பித்தளைப் பாதங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். வேலியைப் பிடுங்கி, வளையத்தைக் கழற்றினார்கள். பிறகு பெரிய இடிப்பு இயந்திரத்தோடு பின்பக்கம் போனார்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து இயக்குநர் கத்தியது அடுப்படிவரை கேட்டது.

"யோவ், இது என் ஆபீஸ்யா!"

"ஆபீஸுக்கு நாங்க வரலையே சார். விதிக்குத்தான் வந்திருக்கோம். ஒரு காட்சிமுனை ரத்தானா, அதுக்காகக் கட்டினது எல்லாத்தையும் முப்பது நாளைக்குள்ள இடிக்கணும். ஐம்பத்தேழு."

"யாரு கையெழுத்து போட்டது?"

அவர்கள் காகிதத்தை உயர்த்திக் காட்டினார்கள். இயக்குநர் காதிலிருந்து சாவியை எடுத்து, மேஜையைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவரை ஒரு ஏரிக்கு மாற்றியிருப்பதாகக் கேள்வி. அந்த ஏரி எங்கே இருக்கிறது என்று துறை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது மாடி போனபோது மூக்கு வந்தது. இரண்டாவது மாடி போனபோது வாய் வந்தது. முதல் மாடியும் போய், குப்பையை அள்ளி முடித்த அன்று, வைண்டிங்காரர் போன் போட்டார்.

"மச்சான், ரெண்டும் இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மனைவி பெட்டியோடு வந்துவிட்டாள். கட்டிலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அடுப்படித் தரையில் பாதங்கள் இருந்த இடத்தில் இரண்டு சிமெண்டுத் திட்டு. அதன்மேல் நின்று பாலை வைத்தாள். வைண்டிங்காரர் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இடிபாட்டுத் தூசு படிந்து மலை கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

"என்னங்க, இவ்வளவு தூசியிலயும் இது இன்னும் தும்மலையே?"

"நாளைக்குப் பார்ப்போம்" என்றார் வைண்டிங்காரர். இந்த ஆறு மாதத்தில் எத்தனை கோடிப் பேர் வந்து பார்த்திருந்தாலும் இந்த மலை தங்கள் இருவருக்கும்தான் சொந்தம் என்று அவருக்குப் பட்டது.

அந்தச் சந்தோஷத்தில் பத்து மணிக்குக் கடை திறந்தார். பதினொரு மணிக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் பை, கையில் படிவம், கழுத்தெல்லாம் வேர்வை. மரமோ, பாலமோ, காற்றோ, எதையோ அளக்கிற வேறு ஏதோ துறை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

மனைவியே தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். வந்த அவசரத்தில் உள்கதவுகளைச் சாத்த மறந்துவிட்டாள். தண்ணீரைக் குடித்துக்கொண்டே அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். கடை வழியாக, படுக்கையறை வழியாக, அடுப்படி வழியாக அவர் பார்வை நேரே ஜன்னலுக்குப் போனது.

"அடேயப்பா! என்ன மலைங்க அது!"

வைண்டிங்காரரின் வாய் தானாகத் திறந்தது. மனைவி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"மலையா?" என்றாள் வந்தவரிடம். "அது மேகம் சார். மத்தியானத்துக்குள்ள கலைஞ்சிடும்."

அவர் நம்பாமல் வைண்டிங்காரரைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார் வைண்டிங்காரர், கம்பி சுற்றுவதிலிருந்து தலையைத் தூக்காமல். "போன மாசம்கூட அங்க ஒண்ணுமே தெரியலை."